ஐஸில் வந்த குப்பி

கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகக் கேள்விகளைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார் சென்னையிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் அம்மா. விந்துப் பரிசோதனைக்கு வருபவரிடம் என்னென்ன கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. வயது, கல்யாணமாகி எத்தனை வருடம், கடைசியாகச் சேர்ந்து எத்தனை நாள் என்று போய், ‘மாதிரி எப்படி வந்தது’ என்ற கட்டத்துக்கு வந்தார். அதற்குக் கீழே மூன்று பதில்கள் வைத்திருந்தார்: இங்கேயே எடுத்தது, வீட்டிலிருந்து வந்தது, மற்றவை.

நாலாவதாக ‘ஐஸில் வைத்து வந்தது’ என்று ஒன்று போடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஐஸ்ல வெச்சா எல்லாம் அசையாம போயிடுமே சார். அப்படி யாராவது எடுத்துட்டு வருவாங்களா?”

ஒருவர் எடுத்து வந்தார் என்று சொன்னேன். யார், எப்போது என்று கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பேச ஒரு காது கிடைத்தால் போதும், சோறு ஆறுவது தெரியாது.

எஞ்சினியர் அம்மாவோடு இந்தப் பேச்சு நடந்தது விழுப்புரத்தில். குழந்தை வேண்டி வருகிறவர்களுக்கான மையம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. மைக்ராஸ்கோப்பின் தலையில் ஒரு கேமராவை மாட்டி, அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தால் போதும். வேகமாக ஓடுகிற விந்தணுவுக்குப் பச்சைக் கோடு, மெதுவாகப் போகிறதற்கு மஞ்சள், நின்றுபோனதற்குச் சிவப்பு என்று திரையில் தானாகவே கோலம் விழும். எத்தனை, எவ்வளவு வேகம், எத்தனைக்கு வடிவம் சரி என்று ஒரு நிமிடத்தில் கணக்கும் வந்துவிடும். செயற்கை நுண்ணறிவு என்றார்கள்.

அதற்கு அறிவு வந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஒரு மாதத்துக்கும் மேலாக மாலை வேளைகளில் உட்கார்ந்து, திரையில் வரும் படங்களில் இது நல்ல தலை, இது உடைந்த வால், இது அணுவே இல்லை, வெறும் தூசி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தேன். ஆரம்பத்தில் தூசியையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தது. நானும் பழகின புதிதில் அப்படித்தான் எண்ணினேன், அதனால் அதன்மேல் கோபம் வரவில்லை. பிறகு என்னைவிட ஒழுங்காக எண்ணியது. ஒரே சொட்டைக் காலையில் எண்ணினால் எனக்கு ஒரு கணக்கு வரும், கண் களைத்த சாயங்காலத்தில் வேறு கணக்கு வரும். அதற்கு எப்போதும் ஒரே கணக்குத்தான். இருபது வருடத்துக்கு மேல் குனிந்த கழுத்தை அது நிமிர்த்திவிட்டது. மெஷின் வந்தால் உன் வேலை போய்விடும் என்று பயமுறுத்தினவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் நன்றியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஆனால் கண்ணாடிக்குக் கீழே வந்த பிறகு நடப்பதுதான் அதற்குத் தெரியும். அதற்கு முன்னால் அந்தக் குப்பி எந்த வழியாக வந்தது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் அந்த மத்தியானம் நான் தொண்ணூறுகளுக்குப் போக வேண்டியிருந்தது.

தொண்ணூற்று மூன்றில் பிளஸ் டூவில் வேதியியலில் தவறிவிட்டு, விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டி பிடித்துத் திண்டிவனம் போய், ஒரு பரிசோதனை நிலையத்தில் சீசா கழுவச் சேர்ந்தேன். முதலாளி ஒருவர், நான் ஒருவன், ஒரு மைக்ராஸ்கோப். சீசா கழுவிக்கொண்டே ரத்தம் எடுக்கவும், ரத்தம் எடுத்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணவும் தானாகக் கற்றுக்கொண்டேன். தபாலில் ஒரு சான்றிதழ் படிப்பை முடித்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

நான் நன்றாகக் கற்றுக்கொண்டது பேச்சு. ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களிடம் நெல் விலை, மருமகள், பஸ் கூட்டம் என்று எதையாவது எடுத்துவிடுவேன். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருப்பேன். அவர்கள் சொல்வதில் நல்லதை எல்லாம் மனதில் வைத்துக்கொள்வேன். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “கேப்பைக் கூழு குடிச்சிச் சேத்து வெச்சத நீ ஒரே ஊசில எடுத்துக்கினு போறியேப்பா” என்றார். முப்பது வருடமாகப் போகிறது, இன்னும் யாருக்காவது ரத்தம் எடுக்கும்போது அந்தக் குரல் கேட்கிறது.

இப்படி எல்லாரிடமும் பேசுகிற நான் ஒரே ஒரு பரிசோதனைக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். ஆண்களுக்கான இந்தப் பரிசோதனைதான் அது. எங்கள் நிலையத்தின் பக்கவாட்டுச் சந்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. குப்பியைச் செய்தித்தாளில் சுற்றி, டாக்டர் கொடுத்த சீட்டோடு அதன் வழியாக நீட்டுவார்கள். நான் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். பெயரைக் கூப்பிட மாட்டோம், எண் மட்டும்தான். முடிவு ஒட்டின கவரில், சீட்டு எழுதி அனுப்பின டாக்டரம்மாவிடம் போய்விடும். முகத்தைப் பார்த்தால் அந்த ஆள் மறுபடி இந்தத் தெருவுக்கே வரமாட்டான் என்பது முதலாளியின் எண்ணம். கெட்ட எண்ணத்தில் வைத்த வழக்கம் இல்லை. கூச்சப்பட்டுச் சாகிறவர்களுக்கு நாங்கள் செய்த மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்து மூன்று நாலு வருடம் ஆன பிறகு ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை. ஜன்னல் வழியாக வந்த ஒரு குப்பி ஈரமாக இருந்தது, சில்லென்றும் இருந்தது. மழையில் வந்திருக்கிறது என்று துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே அணுக்கள் குறைவாகத்தான் இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. காத்திருந்து இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தேன். அதிலும் அசைவில்லை. அசைவு எதுவும் இல்லை என்று எழுதிக் கவரை ஒட்டினேன். அன்றைக்கு அந்த மாதிரி எழுதினது அது ஒன்றுதானா என்றுகூட நினைவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை முன்வாசல் வழியாக ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம், கல்யாணமாகி ஐந்து வருடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கார்த்திகை ரிப்போர்ட்டுக்கு நகல் வேண்டும் என்று சீட்டை நீட்டினார். முதலில் கொடுத்தது மழையில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாம். ஊர்ப் பெரியவர்கள் பேப்பரைக் காட்டச் சொல்கிறார்களாம்.

நோட்டில் எண்ணைத் தேடிக்கொண்டே, ஊர்ப் பெரியவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன். பெண்பிள்ளையிடம் பேச எனக்குத் தடை இல்லை பாருங்கள். அவர் சொன்னார். அவர் வீட்டுக்காரர் பெரியவர்கள் முன்னால் தானே எழுந்து நின்று, குறை என்னிடம்தான், அவளுக்குச் சின்ன வயசு, தாய்வீட்டுக்கு அனுப்பி வேறு இடத்தில் கட்டிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி உறவை அறுத்துவிடப் போகிறார்களாம். ஊர் நடுவில் நின்று குறை என்னிடம் என்று சொன்ன ஆம்பளையை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பெண் அழவில்லை. நான் நகல் எழுதுவதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அவரு நல்லவருண்ணே. அதான் பேஜாரா இருக்குது. கெட்டவரா இருந்தா நானே போயிருப்பேன்.”

நான் அடுத்த வரியை எழுதினேன். அவரே, யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வது போல, “எவ்ளோ பத்திரமா ஐஸ்ல வெச்சி எடுத்துக்கினு வந்தோம். அப்பிடியும் ஒண்ணுகூட உசுரோட இல்லன்னு எழுதிட்டீங்களே” என்றார்.

பேனா நின்றுவிட்டது. எதில் வைத்து என்று மறுபடி கேட்டேன். மீனுக்கு வைக்கிற தெர்மாகோல் பெட்டிதான் என்றார். பெட்டி நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் குப்பியைப் புதைத்து, மரக்காணத்தில் பஸ் ஏறித் திண்டிவனம்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெட்டியோடு வந்தால் பார்க்கிறவர்கள் மீன் விற்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள், அது ஒரு வசதி. சந்து முனையில் பெட்டியைத் திறந்து, குப்பியை எடுத்துப் பேப்பரில் சுற்றி நீட்டியிருக்கிறார் அவர் வீட்டுக்காரர். அவர் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகில் எஞ்சின் டிரைவர். எடுத்தது எதுவானாலும் கெடாமல் கரைசேர ஐஸ் வேண்டும் என்பது பிறந்ததிலிருந்து கண்ட விஷயம். அவரை யார் குறை சொல்ல முடியும்?

குறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. நான் தொட்ட ஈரம் மழை ஈரம் இல்லை. எப்படிக் கொண்டு வந்தீங்க என்று அந்தச் சந்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். பஸ் கண்டக்டரிடம் குடும்பக் கதை கேட்கிறவன், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உடம்புச் சூட்டிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டியது, ஐஸில் வைத்தால் உயிருள்ளதும் அசையாது, நான் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று. அவர் கண்ணை இமைக்காமல் கேட்டுவிட்டு, அப்படியானால் உயிர் இருக்கிறதா இல்லையா என்றார். தெரியாது என்றேன். ஐஸ் இல்லாமல் வந்திருந்தாலும் அப்படியே இருந்திருக்கலாம். மறுபடி பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்தில் ஆசை காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நகல் கொடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர், ஊர்ப்பட்டதைப் பேசுகிறாயே, இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லையா என்றார். அவ்வளவுதான் திட்டு. பிறகு, பேப்பரில் போன தப்பைப் பேப்பரில் சரிசெய்ய முடியாது, நீயே நேரில் போய்ச் சொல் என்றார். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டார். தன் வாயால் சொன்னால், போக மனமில்லாமல் சொல்கிறாள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் பஸ் ஏறினேன். உப்பளம் எல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கி ஏரி மாதிரி கிடந்தது. இறங்கி நடந்து குப்பத்துக்குப் போனபோது அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் சவுக்குத் தோப்பு ஓரம், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகில் சாய்ந்து தனியாக நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், அகலமான தோள். ஜன்னல் வழியாக அந்தக் கையைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் யார் என்று சொல்லி, ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் படகிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றார்.

“ஐஸ்ல போட்டா ஒரு வாரம் ஆனாலும் கெடாது சாரு. இதுக்கு மட்டும் ஆவாதா?”

“இதுக்கு ஆவாதுண்ணே. செத்த மீனுக்குத்தான் ஐஸ். இது உசுரோட வரணும்.”

“அப்போ எம்மேல கொறை இல்லன்றியா?”

“அது தெரியாதுண்ணே. இருந்தாலும் இருக்கும். அந்தப் பேப்பர்ல தப்பு இருக்குது. அது என் தப்பு.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன். என்னைப் பேசவிடவில்லை. அவரே பெரியவர்களிடம் சொன்னார், பேப்பர் செல்லாது, மறுபடி பார்க்க வேண்டும் என்று. ஏன் செல்லாது என்று கேட்டதற்கும் மறைக்காமல் சொன்னார். பிறகு நரைத்த மீசைக்காரர் ஒருவர், “ஐஸ்கட்டி பண்ண வேலைக்கு நாம ஒரு குடும்பத்த அறுக்கப் பாத்தோமேடா” என்றார். ஒருவர் சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆறு மாதம் பொறுப்பது என்று முடிவானது. எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்கள். தப்பு செய்துவிட்டு வந்தவனை உட்காரவைத்து டீ கொடுத்த அந்த ஊரை நான் மறக்கவில்லை. அந்தப் பெண் தூரத்தில் மற்ற பெண்களோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். முதலாளியைக் கெஞ்சி ஸ்டோர் ரூமைக் காலி செய்து, அங்கேயே மாதிரி எடுக்கும்படி உள்தாழ்ப்பாள் பொருத்தி வைத்திருந்தேன். பஸ்ஸும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். அதற்கு முன்னால் அவரை உட்காரவைத்து நிறையப் பேசினேன், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. காய்ச்சல் வந்ததா, அடி பட்டதா, கடலில் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே போய், படகில் எங்கே படுப்பீர்கள் என்றும் கேட்டேன். எஞ்சின் பெட்டிமேல்தான் உட்காருவது, படுப்பது எல்லாம் என்றார். பனிக்காற்றில் அது ஒன்றுதான் கதகதப்பாக இருக்குமாம். மற்றவர்கள் அந்த இடத்துக்குச் சண்டை போடுவார்களாம், டிரைவர் என்பதால் இவருக்கே கொடுத்துவிட்டார்களாம். ஒரு மரியாதை மாதிரி. அதையும் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

சொட்டை வைத்துக் குனிந்தேன். முதலில் பார்த்த இடத்தில் ஒன்றும் அசையவில்லை. கண்ணாடியை மெல்ல நகர்த்தினேன். ஒரு ஓரத்தில் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு குறுக்கே போனது. பிறகு இன்னொன்று. நிறைய இல்லை. எண்ணுகிற கருவியைக் கட்டைவிரலால் அழுத்த நீண்ட இடைவெளி விட வேண்டியிருந்தது. ஆனால் போய்க்கொண்டிருந்தன. அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கில் எண்ணியிருப்பேன், அந்த ஒன்று போன திசைகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது, இடமிருந்து மேலே.

டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பினார். எஞ்சின் சூட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இதை யார் கேட்டது என்றார். அதுவே ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், முதலில் இடத்தை மாற்றட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். இடத்தை மாற்றுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம். ஏன் எழுந்துவிட்டாய், மாமியார் வீட்டு மெத்தை கேட்கிறதா என்று படகில் கிண்டல் செய்தார்களாம். கயிற்றுச் சுருள்மேல் படுத்தேன் சாரு, ஐஸ் மாதிரி குளிரு என்று சொல்லிவிட்டு, ஐஸ் என்ற வார்த்தைக்கு அவரே சிரித்தார். மூன்றாம் மாதம் எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம். ஆறு மாதக் கெடு முடிந்தபோது ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

இதற்கிடையில் சந்து ஜன்னலில் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். எப்போது எடுத்தது, எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவர் பயந்ததும் பொய்யில்லை. ஒருவர் நான் முகத்தைப் பார்த்ததும் குப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனவர்தான், திரும்பவே இல்லை. அவர் என்ன ஆனார் என்று இன்றும் யோசிப்பேன். மற்றவர்கள் முதலில் தலையைக் குனிந்தார்கள், பிறகு பேசினார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் முடியவில்லை. எண்ணிக்கை என்றால் என்ன என்று விளக்கினபோது, “வெதை மல்லாட்டைல பத்துப் போட்டு எத்தினி மொளைக்குதுன்னு பாப்போமே, அந்த மாதிரியா சாரு?” என்று வேர்க்கடலை போடுகிற ஒரு விவசாயி கேட்டார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் அகப்படவில்லை. இரவல் வாங்கி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கெடு முடிந்த அடுத்த வருடம் சித்திரை வெயிலில் அந்தப் பெண் தனியாக முன்வாசல் வழியாக வந்தார். சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டு. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். நான் சோதித்துப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் சோதித்தேன். டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்பது முறை. நான் கவரை ஒட்டாமல் அவர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரிந்தவர். படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, வீட்டுக்காரர் கடலில் இருக்கிறார், வர நாலு நாள் ஆகும், அதுவரை இதை எப்படி வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது என்றார். பிறகுதான் சொன்னதன் பொருத்தம் அவருக்கே தெரிந்து, அன்றைக்கு முதல்முறையாக என் முன்னால் சிரித்தார்.

ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்காரர் வந்தார். சந்துப் பக்கம் போகவில்லை, முன்வாசல் வழியாகவே வந்தார். இடுப்பில் அதே தெர்மாகோல் பெட்டி. மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உடைத்த ஐஸுக்கு நடுவில் இரண்டு பெரிய வஞ்சிரம். முதலாளி, வரிசையில் உட்கார்ந்திருந்த ஜனம், எல்லாரும் பார்க்கிறார்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்:

“இத ஐஸ்ல கொண்டாந்தது சரிதான சாரு?”

எஞ்சினியர் அம்மாவிடம் இதுவரை சொல்லி முடித்தபோது என் சோறு காய்ந்துவிட்டிருந்தது. பிறந்தது என்ன குழந்தை என்று கேட்டார். பெண் குழந்தை என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ‘ஐஸில் வைத்து வந்தது’ என்று தட்டிச் சேர்த்தார். பிறகு தானாகவே இன்னொன்றும் செய்தார். அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் மெஷின் முடிவை அச்சடிக்காது என்று ஆக்கிவிட்டார். இந்தக் கேள்வியை எல்லாரையும் தவறாமல் கேட்கவைப்பது எப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்த அம்மாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறு வாரம் நான் உள் அறையில் திரைக்கு முன்னால் இருந்தேன். பச்சையும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடி முடிந்துவிட்டன, கணக்கும் வந்துவிட்டது. அச்சு மட்டும் வரவில்லை. வெளியே பதிவு மேஜையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படிங்க எடுத்துட்டு வந்தீங்க?”

கண்டமங்கலத்துக்காரர் போல. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், “சட்டைக்குள்ள நெஞ்சோட வெச்சிக்கினு வந்தேம்மா. பஸ்ல ஒருத்தனையும் இடிக்க வுடல.”

அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது.